அரைச் சுற்று உயரம்

துக்-துக்-துக். ஒரு சின்ன மூச்சு. மறுபடி துக்-துக்-துக்.

தூத்துக்குடியில் அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில், சன்னலுக்குக் கீழே ஏதோ ஒரு பழைய வேன் அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. நான் பாயைவிட்டு எழுந்து, கண்ணைத் திறக்காமலே அடுக்களைக்குப் போய்த் தூக்குவாளியைத் துழாவினேன். அண்ணி விளக்கைப் போட்டாள்.

“என்னத்தட்டி தேடுத, இந்நேரத்துல?”

“சரசு வந்துட்டா. இட்லி தீர்ந்துரும்.”

“எந்தச் சரசு? எந்த ஊர்ல இருக்கோம்னாவது தெரியுதா உனக்கு?”

மெதுவாகத்தான் தெரிந்தது. காற்றில் உப்பு. கழுத்தில் பிசுபிசுப்பு. எங்கள் ஊர்க் காற்றைப் பிழிந்தால் அரை டம்ளர் தண்ணீர் வரும். கீழே நின்றது பால் வண்டி. இருந்தாலும் அந்தச் சத்தம் என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய் மத்திகிரியில் இறக்கிவிட்டிருந்தது. காப்பி ஆறும்வரை அண்ணிக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் நாலு வருஷமாக இருக்கிறேன். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. ஒரே ஊரில் இவ்வளவு நாள் நான் தங்கியதில்லை, கால் அரித்துவிடும். இங்கே தங்கியதற்குக் குளிர் ஒரு காரணம். மூன்றாவது வீட்டுச் சரசு இன்னொன்று. தினமும் காலை ஐந்து மணிக்கு அவள் தன் பழைய பெட்ரோல் வேனைக் கிளப்பி, அணைக்காமல் நிறுத்திவிட்டு, இட்லிக் குண்டான், சாம்பார் தூக்கு, சட்னி வாளி என்று ஒவ்வொன்றாக ஏற்றுவாள். “குளிர்ல ஆஃப் பண்ணினா மறுபடி எழுப்பறதுக்குள்ள சட்னி புளிச்சிப்போயிடும்க்கா” என்பாள். அந்தப் பத்து நிமிஷம் என் மாடிச் சன்னலுக்குக் கீழே ஓடும் துக்-துக்-துக்தான் என் அலாரம். பிறகு வேன் தொழிற்சாலை வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் நிற்கும். பின்கதவைத் தூக்கினால் கடை.

அந்த மரத்தடிக்குத்தான் ஆபத்து வந்தது. வாசலைப் பார்த்துக்கொள்ளும் காண்ட்ராக்டர், வெள்ளிக்கிழமையிலிருந்து எஃப்.சி. உள்ள வண்டி மட்டும்தான் அங்கே நிற்கலாம் என்று சொல்லிவிட்டார். வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் தரும் காகிதம்தான் எஃப்.சி. சரசுவுடையது வியாழனோடு முடிகிறது. பரோட்டாக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே அந்த மரத்தடியை அடியால் அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். “எங்கண்ணு முன்னாடியே அளக்கிறான்க்கா. நான் உயிரோட நிக்கிறேன், எனக்குக் குழி அளக்கிற மாதிரி!”

அதனால் வேனைப் பத்து நாள் முன்பே கீழே, சிங்காரப்பேட்டையில் இருக்கும் தன் தம்பி மாதையனிடம் விட்டிருந்தாள். அவர் டிங்கரிங், பெயின்ட் வேலை செய்பவர். செவ்வாய்க்கிழமை போய்க் கூட்டிவர வேண்டும். “நீயும் வாக்கா. இங்கிலீஷ்ல யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நீ பேசு. தமிழ்ல கேட்டா நான் பாத்துக்கறேன்.” மூன்று நாள் லீவு போட்டேன்.

*

பஸ் இறங்க இறங்க ஊர் மாறுகிறது. ஓசூரில் போட்ட ஸ்வெட்டரைக் கிருஷ்ணகிரியில் கழற்றினேன். ஊத்தங்கரையில் இறங்கியபோது அதைக் கையில் வைத்திருப்பதே பாரமாக இருந்தது. மேலே ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள், தொழிற்சாலைச் சுவர்கள். கீழே காய்ந்த நிலக்கடலைக் கொல்லைகள், அவற்றுக்கு நடுவில் சீருடைச் சட்டை மாட்டிய பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். காலையில் அம்மாவுக்குக் களை எடுத்துக் கொடுத்துவிட்டு மதியம் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தி காலில் சேறும் ஷூவும் சேர்ந்தே இருந்தன.

மாதையன் வீட்டில் ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும். கருவாட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கடற்கரையில் காய்ந்த நெத்திலி, எனக்கு முன்னால் இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. நான் களியை மென்றேன்.

“மெல்லாதீங்க, முழுங்குங்க” என்றார் மாதையன். “மென்னா பல்லுல ஒட்டிக்கிட்டு நாளைக்கு வரைக்கும் பேச முடியாது.”

“அதுக்குத்தாண்டா மெல்லச் சொன்னேன்” என்றாள் சரசு. “வழியெல்லாம் கவிதை பேசிட்டு வருது இந்தக்கா.”

சாப்பிட்டுக் கை கழுவியபின் வேனை மூடியிருந்த தார்ப்பாயை மாதையன் உருவினார். அதே வெள்ளைதான். ஆனால் பத்து வருஷம் துவைத்த வேட்டி புதுசாகத் திரும்பி வந்தாற்போல இருந்தது. பின்கதவில் ஆவி பறக்கும் ஓர் இட்லி வரைந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மேகத்துக்குள் பௌர்ணமி. சரசு கதவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“உள்ள பாரு” என்று முன்சீட்டைத் தூக்கினார். அந்த வேனுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்த இடம், பொங்கலுக்குத் துலக்கிய பாத்திரம் மாதிரி மின்னியது. “கார்ப்பரேட்டர் வரைக்கும் கழட்டிக் கழுவிட்டேன். ஸ்லோவும் வெச்சிட்டேன். ரொம்பக் கத்திக்கிட்டு இருந்துச்சு, பாவம். இப்பக் கேளு.”

‘ஸ்லோ’ என்று இந்தப் பக்கம் சொல்வது, வண்டி நிற்கும்போது, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், இன்ஜின் தானாக மூச்சுவிடும் வேகத்தை. மாதையன் சாவியைத் திருப்பினார். தையல் மிஷின் மாதிரி ஓடியது. சீராக, மெதுவாக, பிசிறில்லாமல்.

“தங்கண்டா நீ” என்றாள் சரசு.

எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது. அந்தச் சின்ன மூச்சைக் காணோம். மூன்று துடிப்புக்கு ஒருமுறை வரும் தயக்கம் இல்லை. நமக்கென்ன இன்ஜினைப் பற்றித் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் வாயைத் திறந்திருக்கலாம்.

*

புதன்கிழமை கிளம்பினோம். கிருஷ்ணகிரி வரைக்கும் சொர்க்கம். மாங்கூழ் ஆலைகளின் புளித்த இனிப்பு வாசம் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. அதற்குப்பிறகு சாலை மேலுமலையில் ஏறுகிறது. ஏறும்போதும் வேன் ஒழுங்காகத்தான் ஏறியது. மேலே போய் டீக்கடை ஓரம் நிறுத்தியதும் தொடங்கியது கூத்து. சரசு காலை எடுத்தாள். இன்ஜின் இரண்டு முறை உலுக்கியது, பின்னால் கறுப்பாகப் புகையை ஓர் ஊது ஊதியது, அணைந்தது.

கிளப்பினாள். ஓடியது. காலை எடுத்தாள். அணைந்தது.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். பிளக் என்றார் இன்னொருவர். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே வேனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “புதுப் பெயின்டுல்ல? எலுமிச்சம்பழம் கட்டாம கூட்டியாந்தா அப்பிடித்தான்” என்றார். சரசு உடனே ஒரு பழம் வாங்கிக் கட்டினாள். பழத்தோடு அணைந்தது.

அங்கிருந்து ஓசூர் வரைக்கும் நாங்கள் வந்த விதம் இப்படி. எங்கே நிறுத்தினாலும் சரசுவின் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு வரக்கூடாது. அப்படியானால் பிரேக்கை யார் பிடிப்பது? நான். சரசு “இழு!” என்பாள், நான் கைபிரேக்கை இழுப்பேன். “விடு!” என்பாள், விடுவேன். ஒரு இடத்தில் நான் ஏதோ மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம் எங்கள் கண்ணாடி முழுக்க நிறைந்தது.

“அக்கா! மேகம் நாளைக்கும் வரும்க்கா! மரத்தடி வராது!”

சுங்கச்சாவடி வரிசையில் நாலடிக்கு ஒருமுறை அணைந்தது. பக்கத்து லாரிக்காரர் தெலுங்கில் தன் கிளீனரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. “புதுப்பொண்ணுடா. அலங்காரம் பண்ணிட்டாங்க, மாமியார் வீட்டுக்குள்ள வர வெக்கப்படுது.” சரசு சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அதே தெலுங்கில், “உன் லாரிக்கு அலங்காரமும் இல்ல, வெக்கமும் இல்ல. வழி விடு” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். எங்கள் ஊரில் இத்தனை மொழியில் சண்டை போட ஆள் கிடையாது. ஒரே மொழியில் போட்டே எங்களுக்குக் களைப்பு வந்துவிடும்.

மத்திகிரி வந்ததும் சரசு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே திருகைத் திருகி வேகத்தைக் கூட்டினாள். இன்ஜின் அலறியது. அலறினாலும் அணையவில்லை. “போதும். நாளைக்கு ஒரு மணி நேரம் கத்தட்டும்.”

*

வியாழன் காலை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டுமுன் புகை டெஸ்ட் சீட்டு வேண்டும். டெஸ்ட் எடுக்கும் பெண் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சைலன்சருக்குள் குழாயைச் செருகினாள். திரையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

“ஏங்க்கா இப்பிடிக் கத்துது? ஸ்லோ வெச்சுக் காட்டுங்க.”

“ஸ்லோ வெச்சா நின்னுபோயிடும்மா.”

“கத்தினாலும் கார்பன் ஜாஸ்தி காட்டுது. மெஷின்தான் ஒத்துக்கணும், நான் ஒத்துக்கிட்டு என்ன பண்ண?” குழாயை உருவினாள். “இன்ஸ்பெக்டர் மூணு மணி வரைக்கும் பாப்பாரு. சரிபண்ணிட்டு ஓடியாங்க.”

மணி பதினொன்று. சரசு சீட்டைத் தூக்கி இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்தாள். விரலால் எதையோ தேடினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“புள்ளி எங்கக்கா?”

“என்ன புள்ளி?”

“செவப்புப் புள்ளி! மஞ்சு வெச்சது!”

மஞ்சுநாத் என்பவர் முன்பு மத்திகிரிச் சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். அவர் கைபட்ட ஒவ்வொரு பழைய வண்டியின் கார்ப்பரேட்டரிலும், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் அளவு வைக்கும் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ், பக்கத்தில் உலோகத்தின் மேல் ஒரு சொட்டு. இரண்டும் நேருக்கு நேர் நின்றால் ஓசூருக்குச் சரி. யார் கழற்றினாலும் மாட்டினாலும் புள்ளிக்குப் புள்ளி வைத்தால் போதும். அதுதான் சரசுவின் வண்டிக்கு இருந்த ஒரே சாட்சி.

மாதையனுக்குப் போன் போட்டாள்.

“டேய், கார்ப்பரேட்டர்ல செவப்பா ஒண்ணு இருந்துச்சே?”

“ஆமாங்க்கா. பெயின்ட் சிந்தி அசிங்கமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தின்னர் போட்டு நல்லாத் தொடச்சிட்டேன்.” குரலில் அத்தனை பெருமை.

சரசு போனைக் காதிலேயே வைத்திருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “சரிடா. சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். பிறகு என்னிடம், “அவனை என்னான்னுக்கா திட்டறது? அவ்ளோ ஆசையா தொடச்சிருக்கான்” என்றாள். கண் கலங்கியிருந்தது.

*

மஞ்சுநாத் இப்போது மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் ஷெட்டை மாற்றிக்கொண்டுவிட்டார். “பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியாக்கா?” என்றாள் சரசு, எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக் கும்பிட்டபடி. இழு, விடு, இழு, விடு. பெயர்ப்பலகைகளின் எழுத்து ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் வட்டவட்டமாக மாறியது. மற்றபடி அதே தூசி, அதே லாரி, அதே வெயில். வெளிநாடு இவ்வளவு பக்கத்தில் இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அன்று அதை அனுபவிக்கக் கை ஒழியவில்லை.

மஞ்சுநாத்துக்கு நாற்பது வயதிருக்கும். காதில் புளூடூத், வாயில் ஓயாத கன்னடம். சீட்டைத் தூக்கியதும் பேச்சு நின்றது.

“யாரும்மா இதைக் குளிப்பாட்டினது?”

“தம்பி” என்றாள் சரசு. அவளும் கன்னடத்தில்தான் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது, மீதியைச் சரசு சொன்னாள்.

“எங்க வெச்சு?”

“சிங்காரப்பேட்டைல.”

“அதானே.” திருகைத் தொட்டுப் பார்த்தார். “உன் தம்பி வேலை தப்பில்ல. அந்த ஊருக்கு அது சரி. இங்க அது தப்பு. ஊத்தங்கரைப் பக்கத்துக்கும் ஓசூருக்கும் ஏறக்குறைய ஐநூறு மீட்டர் உயரம் வித்தியாசம். மேல வந்தா காத்து இளசு. உன் தம்பி வெச்ச பெட்ரோல் அப்படியே வருது, காத்துதான் பத்தல. உள்ள பெட்ரோல் தேங்குது, மூச்சு முட்டுது, கறுப்பா கக்குது. புது வண்டியா இருந்தா அதுவே பாத்து அளவை மாத்திக்கும். இது பழசு. யாராவது சொன்னாத்தான் கேக்கும்.”

“அப்ப பழைய இடத்துக்குத் திருப்பி வெச்சிடு மஞ்சு.”

“பழைய இடம் எது? நூறு வண்டிக்குப் புள்ளி வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடம். கிழடாக ஆக ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிடிவாதம். சத்தத்தை வெச்சுத்தான் பிடிக்கணும். முன்ன எப்படி இருந்துச்சு, சொல்லு.”

சரசு கையை விரித்தாள். “நான் எங்கப்பா கேட்டேன்? குண்டான் தூக்கறதுலயே இருப்பேன்.” சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “இந்தக்காவுக்குத் தெரியும். நாலு வருஷமா இது சத்தத்துலதான் எந்திரிக்குது.”

மஞ்சுநாத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னைச் சாலையின் எதிர்ப்புறம், என் மாடிச் சன்னல் அளவு தூரத்தில் நிற்கவைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். லாரிகள் இடையில் போய்க்கொண்டிருந்தன. அவர் முதலில் சரசு கூட்டிவைத்த வேகத்தைக் குறைத்தார். பிறகு, புள்ளி இருந்த அந்தத் திருகை உள்ளே கொஞ்சம் திருகினார். உலுக்கல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். தையல் மிஷின்.

“இல்ல!” என்று கத்தினேன்.

“நல்லாத்தானே ஓடுது?” என்றார் அவர், சாலைக்கு அந்தப்புறமிருந்து.

“ஓடுது. ஆனா இது அது இல்ல.”

இன்னும் திருகினார். தையல் மிஷின் கரைந்தது. துக்-துக்-துக். அப்புறம், சட்னி வாளி ஏற்றும் நேரம் அளவுக்கு இல்லை, ஒரு இமைப்பு அளவுக்கு, ஒரு மூச்சு. மறுபடி துக்-துக்-துக். என் உடம்பு தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது. நின்றுகொண்டிருந்தவளுக்கு இன்னும் எழ என்ன இருக்கிறது!

“இதான்!”

மஞ்சுநாத் காதைச் சாய்த்துக் கேட்டார். “இது இட்லிக்குச் சரி. புகை மெஷினுக்கு ஒரு நூல் வெளிய வரணும்” என்று மயிரிழை திருகினார். மூச்சு இருந்தது, கொஞ்சம் சின்னதாக. என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். நூலளவை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

“மொத்தத்துல அரைச் சுத்துதான்” என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. சிங்காரப்பேட்டையிலிருந்து ஓசூர்வரை நாங்கள் ஏறிய மலை, தாண்டிய சுங்கச்சாவடி, கழற்றி மாட்டிய ஸ்வெட்டர், எல்லாமே ஒரு திருகாணிக்கு அரைச் சுற்று.

“புள்ளி வை” என்றாள் சரசு.

“பேப்பர் வாங்கிட்டு வா. பாஸ் ஆகாத வண்டிக்கு நான் புள்ளி வெக்கறதில்ல.”

*

மணி இரண்டே முக்கால். துப்பட்டாக்காரப் பெண் குழாயைச் செருகி, திரையைப் பார்த்து, சீட்டை அச்சடித்துக் கிழித்துக் கொடுத்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். விளக்கைப் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். வைப்பர் ஆடியது. நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தார். பின்கதவின் இட்லியைப் பார்த்து, “இது என்னம்மா, நிலாவா?” என்றார். “உங்களுக்கு எப்பிடித் தெரியுதோ அப்பிடிங்க சார்” என்றாள் சரசு. அவர் எலுமிச்சம்பழத்தை மட்டும் விரலால் தட்டிவிட்டு, வேனின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கினார். அவர் பேனா எழுதவில்லை. உதறினார். மறுபடி எழுதினார். அவர் எழுதிய நேரமெல்லாம் சரசுவின் இரண்டு கால்களும் வண்டிக்கு வெளியே, தரையில் இருந்தன. அவள் கை என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. துக்-துக்-துக், மூச்சு, துக்-துக்-துக்.

கையெழுத்து விழுந்தது.

சாயங்காலம் மறுபடி எல்லையைத் தாண்டினோம். இந்தமுறை எனக்குக் கைபிரேக் உத்தியோகம் இல்லை, மேகத்தை ஆசைதீரப் பார்த்தேன். வழியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு நகப்பாலிஷ் வாங்கினோம், சிவப்பு ஒன்று, மயில்நீலம் ஒன்று. மஞ்சுநாத்துக்கு ஒரு தூக்கு நிறையப் பணியாரம். அவர் காகிதத்தை வாங்கி முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பாலிஷ் மூடியைத் திறந்தார். திருகின் தலையில் சிவப்பு, எதிரே உலோகத்தில் சிவப்பு. அதற்கு நேர் எதிர்ப்பக்கம், அரைச் சுற்றுத் தள்ளி, ஒரு நீலம்.

“சிவப்பு ஓசூர். நீலம் உன் தம்பி ஊர். அங்க போய் நாலு நாள் இருந்தா திருப்பிக்கோ. வரும்போது மறக்காம மாத்து.”

சரசு குனிந்து இரண்டு புள்ளிகளையும் ஊதி ஊதி உலர்த்தினாள். பிறகு ஏறி உட்கார்ந்து கிளப்பினாள்.

“தம்பி போன் பண்ணுவான் மஞ்சு. பாஸ் ஆயிடுச்சான்னு கேப்பான். என்னான்னு சொல்லட்டும்?”

மஞ்சுநாத் பணியாரத்தை மென்றுகொண்டே வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்கதவு நிலாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சன்னலருகே வந்து, எனக்கும் புரியட்டும் என்று, தன் உடைந்த தமிழில் சொன்னார்.

“பெயின்ட் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லும்மா. சீட்டை மட்டும் தூக்க வேணாம்னு சொல்லு.”